ரெக்கார்டு நோட்டும் கக்கூஸ் குழியும்

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர்களிடம் ஒரு வேட்டைக் குணம் உண்டு. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று அச்சு அசலாக வந்திருக்கும் ரெக்கார்டு நோட்டைக் கண்டால் எங்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும். பள்ளிக்கூட நூலும் குண்டும் நிறுத்துகடிகாரமும் 9.8 தராது. 9.6 தரும், 10.1 தரும், மின்விசிறியை நிறுத்த மறந்தால் இன்னும் வேடிக்கையாக ஏதாவது தரும். 9.8 வந்திருக்கிறது என்றால் பையன் விடையை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்பக்கமாக நடந்துபோய் அலைவு நேரங்களை நிரப்பியிருக்கிறான் என்று அர்த்தம். அப்படிப் பிடிபட்டவர்களை வராந்தாவில் நிறுத்தி, அளவீட்டில் நேர்மை என்பது பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன். வெயிலில் நின்றுகொண்டு கேட்டார்கள், பாவம்.

ஓய்வு பெற்ற பிறகு கோவில்பட்டிக்குக் கிழக்கே நாலு சென்ட் மனையில் வீடு கட்டினேன். கட்டுவதற்கு முன்பு அந்த மண்ணில் நான் செய்த சோதனையும், அதை நான் நோட்டில் எழுதிவைத்த லட்சணமும் அந்தப் பையன்களுக்குத் தெரியாது. இப்போது தெரியட்டும்.

எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. ஆகவே செப்டிக் டேங்க். அந்தத் தொட்டி எல்லாவற்றையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பார்ப்பது பாதி வேலை. கனமானது அடியில் தங்குகிறது, எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கிறது, காற்றில்லாமல் பிழைக்கும் நுண்ணுயிரிகள் அடியில் கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. ஆனால் இந்தப் பக்கம் ஒரு வாளி ஊற்றினால் அந்தப் பக்கம் ஒரு வாளி வெளியே வந்துதான் ஆகவேண்டும். வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகக்கூட இருக்கலாம். நோய்க்கிருமிகள் அதில்தான் வருகின்றன. அதை வாங்கி, வடிகட்டி, கிருமிகளைச் சாகடித்துத் தணிக்கிற மீதிப் பாதி வேலை மண்ணுடையது. மண் மாட்டேன் என்றால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

மண்ணைக் கேட்பது எப்படி என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 1920-களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரையான் என்ற பொறியாளர் கண்டுபிடித்த வழி அது. ஏற்கெனவே கழிவுநீர் விட்டுக்கொண்டிருந்த இடங்களுக்குப் போய், பக்கத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, மட்டம் ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்தார். எந்த மண் தாக்குப்பிடிக்கிறது, எது கைவிடுகிறது என்பதை அந்த நிமிஷங்களோடு பொருத்தினார். நம் நாட்டு ஐ.எஸ். 2470 தரநூலிலும் இதன் வாரிசுதான் இருக்கிறது. குழி 10 முதல் 30 சென்டிமீட்டர் அகலம். கழிவுநீர் மண்ணில் இறங்கப்போகும் ஆழம் வரை வெட்ட வேண்டும். மண்வெட்டி பட்டு வழுவழுப்பான பக்கங்களைக் கீறி விட வேண்டும். அடியில் 5 சென்டிமீட்டர் பருமணலோ பொடிச்சரளையோ போட வேண்டும். அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். மறுநாள் தண்ணீரை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து, அரை மணியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். அதிலிருந்து 25 மில்லிமீட்டர் இறங்க ஆகும் நிமிஷத்தைக் கணக்கிட்டால் மண்ணின் குணம் தெரிந்துவிடும். 30 நிமிஷத்துக்குள் என்றால் உறிஞ்சு குழி போடலாம். 30-க்கும் 60-க்கும் நடுவே என்றால் குழி வேண்டாம், நீளமான வாய்க்கால் வெட்டிப் பரப்பிவிட வேண்டும். 60-ஐத் தாண்டினால் மண்ணை நம்பாதே என்கிறது நூல். நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் நின்றாலும் குழி கூடாது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் மண்ணைச் சோதித்துக் குழி வெட்டியதில்லை. வரைபடத்தில் மூலையில் ஒரு வட்டம் போட்டிருக்கும், அவ்வளவுதான். கொத்தனாரிடம் கேட்டபோது அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மூணடி உறை ஒம்பது எறக்கிரலாம் சார்வாள்" என்றார். எப்படி ஒன்பது என்றேன். "ஒம்பதுதான்" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். அறிவியல் தெரியாத மனிதர் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

முதல் குழியை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டினேன். கழிவுநீர் இறங்கப்போவது ஒன்பது அடியில். ஆனால் ஒன்றரை அடியிலேயே எனக்கு இடுப்பு பிடித்துவிட்டது. மண் சிவப்பாக, பொலபொலவென்று, பார்க்கவே நன்றாக இருந்தது. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைக் குழியின் அடியில் செங்குத்தாகக் குத்திவைத்து, தண்ணீர் ஊற்றி, கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டேன். நடுவில் ஓய்வூதிய விஷயமாக ஓர் அழைப்பு வந்தது. பேசியபடியே நிழலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு வெள்ளாட்டுக் குட்டி குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டு மட்டத்தைப் பார்த்தேன். நன்றாக இறங்கியிருந்தது. எழுதிக்கொண்டேன். ஆட்டுக்குட்டி குடித்ததையும் மண் குடித்ததையும் பிரித்தறிய வழியில்லாததால் இரண்டையும் மண்ணின் பெயரிலேயே வரவு வைத்தேன். மண் இளகியதால் ஸ்கேலும் உள்ளே கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்கேல் இறங்கினால் தண்ணீர் ஏறியதாகத் தெரியும். ஆகவே அது எனக்கு எதிரான பிழை. எனக்கு எதிரான பிழையை மட்டும் உடனே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். பதினோராம் வகுப்பில் பிழைகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை, மொத்தப் பிழை என்று வகைவகையாகப் பிரித்து நடத்துவோம். மூன்றும் ஒரே குழியில் கிடந்தன.

ஆட்டுக்குச் சொந்தக்காரர் வந்தார். அந்த மனைப்பிரிவு முழுக்க ஒரு காலத்தில் அவர் தகப்பனார் பருத்தியும் உளுந்தும் போட்ட நிலம். குழியை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, புளியங்கன்னு வைக்கப் போறீகளா?" சோதனையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அது சரி. இது நம்ம மண்ணு இல்லையே. மனை போட்டவுக லாரில கொண்டாந்து கொட்டுனதுல்லா. ரெண்டடிக்குக் கீழ போனாத்தான் கரிசலு."

எங்கிருந்தோ வந்த செம்மண்ணின் குணத்தை நான் துல்லியமாக ஆராய்ந்து முடித்திருந்தேன். இத்தனைக்கும் கரிசல் இலக்கியத்தை வரிவிடாமல் படித்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். எழுத்தாளர் கி.ரா. பிறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். கரிசல் எழுத்தைப் பற்றி நூலக வாசகர் வட்டத்தில் கட்டுரை வாசித்திருக்கிறேன். காலுக்கடியில் இருப்பது கரிசலா இல்லையா என்பது மட்டும் தெரியவில்லை.

மறுபடி வெட்டினேன், இந்த முறை ஆள் வைத்து. மூன்றடியில் கறுப்பு மண் வந்தது. நல்ல சித்திரை மாதம். மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தண்ணீரை ஊற்றினேன். ஊற்றிய சுவடே இல்லை. இன்னொரு குடம் ஊற்றினேன். அதுவும் போய்விட்டது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா, என்னமாக் குடிக்குது!" அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்லும் வரியை நான் படிக்காமல் இல்லை. அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆனால் கோடையில் கோவில்பட்டிப் பக்கம் தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறவர்களுக்கு மத்தியில், ராத்திரி முழுக்கக் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? உளுந்தா ஊறவைக்கிறோம், மண்ணைத்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த வரி ஏன் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். மண் ஆண்டின் மிக ஈரமான காலத்தில் எப்படி இருக்குமோ அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக எழுதியது. மற்ற மண்ணுக்கு அது நல்ல பழக்கம். கரிசலுக்கு அதுதான் சோதனையே.

கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய. அது ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. தண்ணீர் அந்த ஏடுகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்ளும், மண் உப்பும். காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். வெடிப்பு சில இடங்களில் ஓர் ஆள் கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போகும். சித்திரையில் நான் ஊற்றிய தண்ணீரை மண் குடிக்கவே இல்லை. அது வெடிப்பில் விழுந்து, வெடிப்பு வழியாகவே அடுத்த மனைக்கு நடந்து போயிருக்கிறது. மழை பெய்து மண் உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீர் மேலே நிற்கும்; நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பு காலைவிடக் கனமாகிவிடும். கரிசலில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். ஒவ்வோர் ஐப்பசியிலும் அந்தச் செருப்பைப் பள்ளிக்கூட வாசலில் குச்சியால் சுரண்டியவன்தான் நானும்.

இனி ரெக்கார்டு நோட்டுக்கு வருகிறேன். பத்து பத்து நிமிஷமாக அளந்ததில் எனக்குக் கிடைத்த வேகம் 25 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிஷம். ஒரு சதுர மீட்டர் மண் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வாங்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: 204-ஐ அந்த நிமிஷத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 4 நிமிஷம் என்றால் 102 லிட்டர். வீட்டில் ஐந்து பேர், நாளுக்கு 500 லிட்டர் என்று வைத்தால் 4.9 சதுர மீட்டர் போதும். மூன்றடி விட்டமுள்ள உறைக்குழியில் பக்கச் சுவர்தான் கணக்கு. அடிக்கு அடி உறையாக ஆறு உறை இறக்கினால் தீர்ந்தது.

அதற்குள் ஒன்பது உறை வாசலில் வந்து இறங்கிவிட்டிருந்தது. கொத்தனார் சொல்லி வரவழைத்தது. ஆறு போதும் என்றால் மூன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். வண்டிக் கூலி நம் தலையில். தவிர, ஆறு என்பது கொஞ்சம் துணிச்சலாகத்தான் பட்டது. ஆகவே பாதுகாப்பு கருதி 15 நிமிஷம் என்று போட்டுப் பார்த்தேன். பதினோரு உறை வந்தது. இன்னும் இரண்டு வாங்க வேண்டும். 10 நிமிஷம் என்று போட்டுப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு 64.5 லிட்டர். தேவை 7.75 சதுர மீட்டர். மூன்றடி விட்டத்தில் ஒன்பது அடி ஆழக் குழியின் பக்கச் சுவர் 7.88 சதுர மீட்டர்.

ஒன்பது உறை. சரியாக ஒன்பது.

நோட்டில் 'மண்ணின் உறிஞ்சு வேகம்: 10 நிமிஷம்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, அதற்கேற்ற அளவீடுகளை மேலே உள்ள அட்டவணையில் நிரப்பினேன். குழாய் வந்து சேரும் மட்டத்துக்குக் கீழே இருக்கும் சுவரைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே இருக்கும் ஒரு அடியையும் சேர்த்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ஒன்பது வராது.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. 18 மீட்டர் என்றால் 59 அடி. என் மனை தெற்கு வடக்காக 58 அடி, கிழக்கு மேற்காக 30 அடி. நேராக நிறுத்தினால் விதி மனைக்கு வெளியே ஒரு அடி தள்ளி நிற்கிறது. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் 65 அடி வரும். ஆக ஒரே வழி, போர் ஒரு மூலையில், குழி எதிர் மூலையில். போர் வடகிழக்கில், ஈசான்ய மூலையில் போட்டாயிற்று. எதிர் மூலை தென்மேற்கு, கன்னி மூலை. அங்கே கக்கூஸ் குழியா என்று மனைவி நெஞ்சில் கைவைத்தாள். வாஸ்து பார்த்தவர் வாயு மூலை என்றார், வடமேற்கு. போருக்கும் அதற்கும் 30 அடிகூட இல்லை. வாஸ்துவை நான் நம்புகிறவன் அல்ல. ஆனால் ஐ.எஸ். 2470-க்காக வீட்டில் சண்டை போடும் அளவுக்கு அதையும் நம்பவில்லை போலிருக்கிறது. வடமேற்கில் வெட்டினோம். நான் சோதனை செய்த குழி தென்கிழக்கில் வேப்பமரத்தடியில் இருந்தது; நிழல் அங்கேதான் உண்டு. கட்டடத்துக்கு 6 மீட்டர் விடுகிற பேச்சுக்கே இடமில்லை. நாலு சென்டில் எல்லாப் பக்கமும் 6 மீட்டர் விட்டால் வீடு கட்ட மிஞ்சுவது ஒன்றுமில்லை. நம் ஊர் மனைப்பிரிவுகளை அளந்து விற்றவர்கள் யாரும் இந்த எண்களைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போர், ஒரு குழி. என் போருக்குப் பக்கத்து வீட்டுக் குழி, பக்கத்து வீட்டுப் போருக்கு என் குழி. குடிப்பதற்கு எல்லாரும் கேன் வாங்குகிறோம்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். புரட்டாசி வரை குழி நடந்துகொண்ட விதத்தில் ஒரு குறையும் இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மண் பரிசோதனை செய்து கட்டிய வீடு என்று சொன்னேன். ஒருவர் மொட்டை மாடிக்குப் போக ஆசைப்பட்டார், நான் அவரைக் குழிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். தலைத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரமெல்லாம் ஆன பிறகு, கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் கீழே போவதற்குப் பதிலாக மேலே வந்து எட்டிப்பார்த்தது. அதன் அடிவயிற்றிலிருந்து குளுக் குளுக் என்று ஒரு சத்தம். சம்பந்தி பெரிய மனிதர். "மழைக்காலம்லா, எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலமே புறப்பட்டுப் போனார். ரெண்டு நாள் இருப்பதாக வந்தவர்.

லாரியை வரவழைத்துக் குழியைக் காலி செய்தோம். மறுநாள் காலை குழி நிறைந்திருந்தது. நாங்கள் யாரும் அவ்வளவு தண்ணீர் புழங்கவில்லை. உறைகளில் தண்ணீர் வெளியே போவதற்காக வைத்த கண்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. மேலே கொட்டிய செம்மண் மழையை வாங்கிக் கீழே விட, கீழே கரிசல் அதைத் தாங்கி நிறுத்த, அந்த வட்டாரத்து மழையெல்லாம் சேருவதற்குத் தோதான ஒரு கிணற்றை ஒன்பது உறை இறக்கி நான் கட்டிவைத்திருக்கிறேன். லாரிக்குக் காசு கொடுத்து நான் இறைத்தது பெரும்பாலும் மழைத்தண்ணீர்.

லாரி வந்த அன்றைக்கு நடந்த இன்னொன்றை எழுதாமல் விடக்கூடாது. என் சின்னச் சின்னத் தோல்விகளைச் சொல்லிக்கொண்டு வருகிற இந்த வரிசையில் சின்னது என்று சேர்க்க முடியாதது இது. குழாய் அடிச்சேற்றை உறிஞ்சவில்லை. லாரியோடு வந்த பையன் சட்டையைக் கழற்றி, "ரெண்டு நிமிஷ வேலை சார், எறங்கி வழிச்சி விட்டுர்றேன்" என்றான். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தி கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதே ஆள் சுருண்டுவிடுவான் என்று வகுப்பில் சொன்னவன் நான். செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்க எனக்கு ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணத்தில் என் மனசில் ஓடியது சம்பந்தி வீட்டார் மறுபடி எப்போது வருவார்கள் என்பதுதான். சத்தம் போட்டுத் தடுத்தது மனைவி. "ஏலே, மேல வா! சட்டையப் போடு மொதல்ல!"

கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினோம். வந்தார். குழியைப் பார்த்தார். "வெயில்ல கரிசலு யானையவே முழுங்கும் சார்வாள். ஐப்பசில ஒரு செம்பு தண்ணி முழுங்கச் சொல்லுங்க பாப்பம்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் மனைவி.

"தெரியாம என்ன அக்கா."

"பின்ன ஏன் சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். "சார்வாள் பரிசோதனையெல்லாம் பண்ணிட்டாக. ஒம்பதுதான் வருதுன்னு நோட்டக் காட்டுனாக. நான் ஏதோ குத்துமதிப்பாச் சொன்னேன், கணக்குலயும் அதுவே வருதுன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் சொன்ன எண்ணைக் கொண்டு என் அளவீட்டை நான் திருத்தினேன். என் அளவீட்டைப் பார்த்துவிட்டுத் தன் எண்ணை அவர் நம்பினார். இரண்டு பேரும் மண்ணைக் கேட்கவே இல்லை. மனைவி உள்ளே போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கார்த்திகையில் புதிதாக ஒரு குழி வெட்டினேன், இந்த முறை வடமேற்கிலேயே. விதிப்படி பக்கங்களைக் கீறி, சரளை போட்டு, குழியின் வாய்க்குக் குறுக்கே ஒரு பலகை வைத்து, பலகையில் அடித்த ஆணியிலிருந்து மட்டத்தை அளந்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் போய் அளந்தால் தண்ணீர் இரண்டு விரற்கடை கூடியிருந்தது. அன்றிரவு மழையே இல்லை. மண் குடிக்க மறுத்தது மட்டுமல்ல, தன்னிடம் இருந்ததில் கொஞ்சத்தை எனக்குத் தந்துமிருந்தது. இதை எந்தச் சூத்திரத்திலும் போட முடியாது. வர்க்கமூலத்துக்கு உள்ளே கழித்தல் குறி நிற்கும். மார்கழியில் மழை விட்டு, ஊற்று தணிந்த பிறகு மறுபடி ஊறவைத்து அளந்தேன். அரை மணியில் 5 மில்லிமீட்டர். அதாவது 25 மில்லிமீட்டருக்கு 150 நிமிஷம். நூல் கை விரிக்கும் எல்லையான 60-ஐப் போல இரண்டரை மடங்கு. நோட்டில் அப்படியே எழுதினேன். அடித்துத் திருத்தவில்லை, திருத்துவதற்கு வாசலில் உறை எதுவும் கிடக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

பிறகு செய்ததெல்லாம் முதலிலேயே செய்திருக்க வேண்டியவை. குழிக்குப் போகும் குழாயை அடைத்தோம். தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர் கீழிருந்து மேலாக ஜல்லிக்குள் ஏறி வரும்படி ஒரு வடிகட்டித் தொட்டி கட்டினோம். அதிலிருந்து வருவது, தரைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு மணலும் சரளையும் நிரப்பிய பாத்திக்குப் போகிறது. பாத்தி நிறையக் கல்வாழை. குளிக்கிற தண்ணீரையும் துணி துவைக்கிற தண்ணீரையும் தொட்டிக்கு விடாமல் தனியே பிரித்து வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிட்டோம். தொட்டிக்குப் போவது பாதிக்கு மேல் குறைந்தது. செலவு எவ்வளவு என்று கேட்காதீர்கள். வண்டிக் கூலியை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கின் செலவு அது. அடைமழை நாட்களில் பாத்தியும் வழியத்தான் செய்கிறது. ஆனால் கழிப்பறை எட்டிப்பார்ப்பதில்லை. கல்வாழை மட்டும் தெருவே பார்க்கும்படி பூத்துக் கிடக்கிறது. பூ கேட்டு வருகிறவர்களிடம் அது எதில் வளர்கிறது என்று நான் சொல்வதில்லை.

கரிசல் பக்கம் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரத்தைச் சித்திரையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. குழியை ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வெட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். லாரி மண்ணைத் தாண்டி வெட்டுங்கள், குழி வரப்போகிற இடத்திலேயே வெட்டுங்கள், ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அடைமழை மாதங்களில் மனை விற்கிறவர்கள் யாரும் இடத்தைக் காட்டக் கூட்டிப்போக மாட்டார்கள். "பொங்கல் கழியட்டும் சார்" என்பார்கள். பொங்கல் வரை பொறுக்காதீர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே போய்விடுங்கள்.